படிவத்தில் இல்லாத கட்டம்

ஆசியாவின் உயர்கல்வி பற்றிய ஆய்வுகளைப் புரட்டினால் முதலில் தட்டுப்படுவது எண்கள்தான். 1973இல் மார்ட்டின் ட்ரோ என்கிற அமெரிக்கர் போட்டுத்தந்த அளவுகோல் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது: உரிய வயதினரில் 15 சதவீதம் வரை படித்தால் மேட்டுக்குடிக் கல்வி, 50 வரை வெகுமக்கள் கல்வி, அதற்குமேல் எல்லோருக்குமான கல்வி. 2003இல் ஷாங்காய் தரவரிசை வந்தபின் யார் எத்தனையாவது இடம் என்பது இன்னொரு பெரும்பேச்சாகிவிட்டது. தேவையில்லாத ஆய்வுகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவின் சேர்க்கை விகிதம் 28.4, தலித்துகளுடையது 25.9 என்றதும், இடைவெளி இரண்டரைதானே என்று கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் நிம்மதிப்பட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

உள்ளே போனவருக்கு என்ன நடந்தது? டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்களிடம் போய்க் கேட்ட தோரட் குழுவின் 2007 அறிக்கைதான் வாய்மொழித் தேர்வில் சாதி விசாரிக்கப்படுவதைப் பதிவு செய்தது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா செத்தபோது அவரும் 'சேர்ந்தவர்கள்' கணக்கில் ஒருவர்தானே?

கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையே உள்ள அதிகாரத்தை நான் வெளியே நின்று பேச முடியாது. எம்.ஏ. முடித்துச் சும்மா கிடந்த நாட்களில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக ஆதிதிராவிடர் நல விடுதியில் படிவம் நிரப்பப் போனேன். படிவத்துக்கு 20 ரூபாய். நம்ம புள்ளைங்க நம்மகிட்டதான் மனசுவிட்டுப் பேசும் என்றுதானே என்னைப் பிடித்தார்கள்! அப்பா என்ன வேலை, வீட்ல கக்கூஸ் இருக்கா, அம்மா எத்தனாவது படிச்சாங்க என்று 14 பக்கம். பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெண் கடைசியில் கேட்டாள்: "அக்கா, எல்லாம் எங்களப் பத்தியே இருக்கே. வாத்தியாருங்களப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

இல்லை. ஒரு கட்டம்கூட இல்லை.

ஆய்வுக்கே உடம்படாதீர்கள் என்கிறார்கள் சில தோழர்கள். தோரட் குழுவும் கேட்டுத்தானே எழுதியது? கேட்பதில் குற்றமில்லை, யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. சேரியில் பிறந்தவள் என்பதாலேயே என் கை சுத்தமாகிவிடாது.

செய்முறைத் தேர்வில் தனக்கு நடந்ததை அவள் சொல்லச் சொல்லப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவர், "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதும்மா" என்றார். அந்தப் படிவத்துக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன்.