மருந்துச்சிட்டையும் மருந்தாளரும்

அரியாலையில் நாட்கூலிக்குச் செல்லும் ஒருவர் மாரிக்காலக் காய்ச்சலோடு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வாராயின், சிகிச்சை இலவசமே. எனினும் அன்றைய கூலி போய்விடும். மருந்துக்கடையோ வழியில் உள்ளது. பரசிற்றமோல் வாங்குவதற்குத் தடையில்லை. நுண்ணுயிர்க்கொல்லியைக் கேட்டால், வைத்தியரின் சிட்டையின்றி வழங்கலாகாது என்பது இலங்கைச் சட்டம்.

மறுப்பது இரக்கமின்மையெனத் தோன்றும். தன்னுடலைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டன்றோ? உண்டு, தவற்றின் தீங்கு அவரோடு நிற்குமாயின். டெங்குக் காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லியால் பயனேயில்லை. வீணே உண்ட மருந்தினால் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியோ அடுத்த வளவுக் குழந்தையையும் பற்றலாம். அக்குழந்தையின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை.

இதனால் வைத்தியரின் கையொப்பமே போதிய காவல் என்று கொள்வதும் தவறு. நோயாளியைச் சோதியாமல் எழுதிய சிட்டையும் அதே தீங்கைச் செய்யும். அத்தகைய சிட்டைகள் அரியனவுமல்ல. இங்கிலாந்தில் 2024 சனவரி இறுதி முதல், ஏழு நோய்களுக்கு மருந்தாளரே நோயாளியை வினவி, வகுத்த நெறிப்படி, வேண்டின் நுண்ணுயிர்க்கொல்லியும் வழங்குகின்றார். மருந்து கொடாது அனுப்பினும் அவ்விசாரணைக்கு அரசு கட்டணம் தருகின்றது. இங்கோ மாத்திரை விற்றாலன்றிக் கடைக்கு வருவாயில்லை. அந்நிலையை மாற்றாமல் வழங்கும் உரிமையை மட்டும் அளித்தல், அரியாலைக் கூலியாளருக்கோ அவர் அயலவருக்கோ நன்மையாகாது.