ஓடாத கடிகாரம்

நம் பங்கைச் சார்ந்த, எண்பது வயதைக் கடந்த தாய் ஒருவர் ஒப்படைத்த சுவர்க் கடிகாரத்தோடு அண்மையில் இராமநாதபுரம் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தோம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது மணலுள் புதைந்து, பின்னர் அவருடைய கணவரால் தோண்டியெடுக்கப்பட்ட கடிகாரம் அது. பித்தளைச் சக்கரங்கள் பச்சை படர்ந்திருந்தாலும் உருக்குலையவில்லை. எஃகு அச்சுகளையும் சுருள்வில்லையும் உப்பு தின்றுவிட்டிருந்தது.

"உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் வைத்தால் நாளைக்கே ஓடும் சாமி. பழையதையே சரிசெய்ய வேண்டுமென்றால், கடிகாரத்தின் விலையைவிடக் கூலி கூடும்" என்றார் பழுதுபார்க்கும் பெரியவர்.

சிதைந்ததொன்று சீர்செய்யத் தக்கதுதானா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? பழைமையைக்கொண்டா, விலையைக்கொண்டா? அதே புயல் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் வீழ்ந்தன. பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில், கடலுள் கிடந்தவை மீட்கப்பட்டு, 46 நாள்களில் பாலம் சீராயிற்று. தீவில் மக்கள் காத்திருந்தனர். தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதையோ கைவிடப்பட்டது. இறங்குவதற்கு ஊர் இல்லை. அங்குள்ள ஆலயச் சுவர்கள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. பழைய பாலத்திலும் 2022 டிசம்பரில் இரயில் நின்றது. 2025 ஏப்ரலில் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. காத்திருந்தோர் புதியதற்கு மாறிக்கொண்டதில் நன்றிகேடு ஏதுமில்லை.

காத்திருப்போர் உண்டா என்பதே அளவுகோல் எனில், இக்கடிகாரத்துக்கு யார் உளர்? நேரம் பார்க்க வீடுதோறும் கைப்பேசி இருக்கிறது. பேட்டரி வைப்பதோ, ஒருவர் முகத்துக்குள் வேறொருவர் குரலைப் புகுத்துவதாகும். ஆகவே உப்பை நீக்கி, எண்ணெயிட்டு, அந்த இரவின் சாட்சியாக ஓடாமலே தொங்கவிடலாம் என முடிவுசெய்து, சற்றே பெருமிதத்தோடு அத்தாயிடம் உரைத்தோம்.

"நேரம் பாக்கவா கேட்டேன் சாமி? கல்யாணமாகிப் போன வீட்ல கேட்ட மணிச்சத்தம். அத ஒருக்கா கேட்டாப் போதும்."

பொருளின் உண்மையைக் குறித்து இவ்வளவு சிந்தித்த நாம், உடையவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை!

மீண்டும் கடைக்குச் சென்றோம். மணியடிக்கும் பகுதிக்குத் தனிச் சுருள்வில்லும் தனிச் சக்கரங்களும் உண்டாம். வேறொரு பழங்கடிகாரத்தின் வில்லை அதில் பொருத்தி, கையால் இழுத்தால் அடிக்குமாறு ஒரு கம்பியும் கட்டித் தந்தார் பெரியவர். முட்கள் நகர்வதில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் அடுத்த எண்ணிக்கையை அடிப்பது அதன் அமைப்பு.

அத்தாய் முதல்முறை இழுத்தபோது காலை பதினொரு மணி. கடிகாரம் நான்கு அடித்தது. கண்ணை மூடிக் கேட்டிருந்தவர், மறுபடியும் இழுத்தார். ஐந்து.