பழைய கிராமபோனும் 'அதே பொருள்' என்ற கேள்வியும்

1931இல் வெளிவந்த எச்.எம்.வி. 102 போன்ற தூக்குப்பெட்டி கிராமபோனைப் பழுது பார்க்கும்போது ஒரு பழைய தத்துவக் கேள்வி எழுகிறது: உறுப்புகளை மாற்றிய பின்னும் அது அதே பொருள்தானா? இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா போன்ற ஊர்களின் ஈரக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், ரெக்சின் உறையில் பூஞ்சணம் படியும். ஒலிப்பெட்டியின் ரப்பர் வளையமோ எந்த ஊரிலும் நாளடைவில் கல்லாக இறுகிவிடும்; மாற்றாவிட்டால் பாட்டு கரகரக்கும்.

மலையகத்தின் இரு சமயங்கள் இரு விடை தருகின்றன. பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் துறவி நாகசேனர், அச்சோ சக்கரமோ தேர் ஆகாது, எல்லாம் சேர்ந்ததற்கு இட்ட பெயரே தேர் என்கிறார். அப்படியானால் 'அசல்' என்று காப்பதற்கு ஒன்றுமில்லை. சைவ ஆகம வழக்கு இன்னும் நுட்பமானது. திருப்பணிக்கு முன் மூர்த்தியின் சக்தியைப் பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதிக்கு மாற்றி, வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் மீண்டும் நிலைநிறுத்துவர். கல்லும் சுதையும் மாறினாலும் கோயில் அதே கோயில்தான்.

கிராமபோன் போன்ற கருவிக்கும் இந்த இரண்டாம் பார்வையே பொருந்தும். பாடுவதற்குத் தேவையானதை மாற்றலாம். தேய்ந்த கைப்பிடியையும் மங்கிய முத்திரையையும் மெருகேற்றி அழிக்கக் கூடாது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் எண்ணெய் தடவிப் பெட்டியோடு வைத்திருக்க வேண்டும்.