நியாயம் பேசும் நா

அநியாயக்கார அரசன் முன்னே நியாயத்தைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருக்கிறார்கள். "அரசன் எங்கே, நம் மளிகைக்கடை எங்கே" என்று அதைத் தள்ளி வைக்கலாகாது.

நம் பத்து காஜாச் சிறைச்சாலையில்தான் ஜப்பான்காரர்கள் சிபில் கார்த்திகேசு அம்மையாரை அடைத்து வைத்தார்கள். பக்கத்துப் பாப்பான் பட்டணத்தில் எதிர்ப்புப் படையினருக்கு மருந்து கொடுத்தார். ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்டார். குற்றம் அவ்வளவே. 1943இல் பிடித்து வதைத்தார்கள். அவர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. 1948இல் காலமானார். நம் மார்க்கத்தவர் அல்லர், அதனாலென்ன?

இன்று வானொலி கேட்டதற்காக எவரும் நம்மைப் பிடிப்பதில்லை. ஆயினும் சங்கக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கணக்குக் கேட்டால், "உட்காரு தம்பி, பெரியவர்கள் இருக்கிறார்கள்" என்று அடக்குவோர் உண்டு. கணக்குக் கேட்பவர் பகைவரா? அடுத்த கூட்டத்தில் அவரையே முதலில் பேசச் சொல்வோம். பேரேட்டையும் மேசைமேல் விரித்து வைப்போம்.