குறி சொல்லாத படம்

பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. செம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் அதைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே குறைதான். "ஆன்ட்டி, ஆட்டோ போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. கடைசில என்ன ஆச்சுன்னும் சொல்லல" என்றான் மூன்றாவது மாடிப் பையன். சோழிங்கநல்லூரில் வேலை. தினமும் மேடவாக்கம் நெரிசலில் நகராத வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவன், காசு கொடுத்து வேறு அதையே பார்க்க வேண்டுமா என்று கேட்டால் நியாயம்தான். இந்தப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று சினிமாக்காரர்கள் சிலரும் பேசினார்கள். 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தபோதும் ஜனங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

கதை இவ்வளவுதான். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். கட்டிக்கொள்ள வேண்டியவன் முறைமாமன் பாண்டி. அவள் பேச்சை நிறுத்திவிட்டதால் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, பலிகொடுக்க ஒரு சேவலையும் எடுத்துக்கொண்டு, குடும்பமே சாமியாடியிடம் கிளம்புகிறது. படத்தில் பின்னணி இசை கிடையாது. கொலையோ துப்பறிதலோ கிடையாது. ஆனாலும் அடுத்து என்ன நடக்குமோ என்ற திகில் மட்டும் அடிவயிற்றை விட்டுப் போவதில்லை. வழியில் எங்கிருந்தோ கேட்கும் பாட்டுக்கு மீனாவின் உதடு லேசாக அசைகிறது. அதற்கே பாண்டி அடிக்கிறான்.

நான் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் சித்தியைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன், சின்னப் பிள்ளை. சித்தியின் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிரே எலுமிச்சம்பழம், வேப்பிலை, திருநீறு. கோடாங்கி உடுக்கையை முதலில் விரல் நுனியால்தான் தட்டினார். பிறகு வேகம் கூடியது. "யாரு நீ? எங்கருந்து வந்த? சொல்லு." அவர் சித்தியைக் கேட்கவில்லை. சித்திக்குள் புகுந்திருப்பதாகச் சொன்னார்களே, அதைக் கேட்டார். பதில் வருகிறவரை உடுக்கை நிற்காது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். விடியப்போகும் நேரத்தில் ஒரு பெயரைச் சொன்னாள், எப்போதோ கிணற்றில் விழுந்து செத்த ஒருவனின் பெயர். கூட்டம் மூச்சுவிட்டது. உச்சிமுடியில் ஒரு பிடி அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். ஆவணியில் கல்யாணம். அவள் சொல்லாமல் வைத்திருந்த பெயர் வேறு. வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஒருத்தி வாய் திறக்காமல் இருந்தால் அந்த மௌனத்தை நம்மால் அப்படியே விட்டுவைக்க முடிவதில்லை. மனிதர்களிடம் மட்டுமா?

எங்களுக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி, பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். எந்தச் சிவன் கோயிலிலும் போலத் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் நால்வரும் வேதமெல்லாம் படித்தும் தெளியாமல் வந்து கேட்க, கல்லால மரத்தடியில் வாயே திறக்காமல் சின்முத்திரை காட்டி உட்கார்ந்தவர். அந்தச் சாமியை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? வியாழக்கிழமை எந்த ஊர்ச் சிவன் கோயிலிலாவது தெற்குப் பிராகாரத்தில் நின்று பாருங்கள். மஞ்சள் வஸ்திரம், கொண்டைக்கடலை மாலை, கையில் ஜாதகம். நவக்கிரகத்தில் இருக்கும் குருவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் இவருக்குச் செய்துவிட்டு, கல்யாணம் எப்போது, விசா வருமா என்று கேட்கிறோம். இருவரும் வேறு வேறு என்று சிவாச்சாரியார்கள் சொல்லித்தான் பார்க்கிறார்கள். குருப்பெயர்ச்சி அன்று ஆலங்குடியில் திரளும் கூட்டத்தில் அது யார் காதில் விழும்? பேசாத தெய்வத்தையும் ராசிபலன் சொல்ல வைத்துவிட்டோம்.

கேட்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. மகனுக்கு வேலை கிடைக்காத காலத்தில் நானும் விளக்கு ஏற்றியவள்தான். ஆனால் பதில் சொன்னால்தான் தெய்வம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது பக்தியில் சேருமா என்பதுதான் என் சந்தேகம். சித்தி பெயர் சொன்ன பிறகுதான் கோடாங்கிக்குத் தட்டில் காசு விழுந்தது. தியேட்டரிலும் அதே கணக்கோடுதான் உட்காருகிறோம், கடைசிப் பத்து நிமிடத்தில் குறி சொல்லிவிட வேண்டும்.

அதற்காக எல்லா மௌனமும் ஞானம் ஆகிவிடாது. தட்சிணாமூர்த்தி பேச முடிந்தும் பேசாமல் இருப்பவர். மீனா சொல்ல வேண்டியதைச் சொல்லி, எடுபடாமல் போய் நிறுத்தியவள். முதலாவதன் முன்னால் உட்காரலாம். இரண்டாவதன் முன்னாலும் போய் உட்கார்ந்துகொண்டு 'ஆகா, என்ன ஆழம்' என்று ரசிப்பதை என்னால் ஏற்க முடியாது. படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களோடும் எனக்கு அங்கேதான் பிணக்கு.

இன்னொன்றும் உண்டு. வேறொரு பெண்ணுக்குச் சாமியாடி செய்யும் சடங்கைப் பார்த்துப் பாண்டி தடுமாறுகிறான். அவன் என்ன முடிவெடுத்தான் என்பதைக் காட்டாமல் படம் நிற்கிறது. வழியெல்லாம் மீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்த நமக்குக் கடைசியில் இவன் மனசுதான் புதிர். ஊரில் இருக்கும் என் தங்கச்சி ஓடிடியில் பார்த்துவிட்டுப் போன் பண்ணினாள். "எல்லாக் கோடாங்கியும் இப்படியாக்கா இருக்காங்க?" என்று முதலில் சண்டைக்கு வந்தாள். முடிவைப் பற்றிக் கேட்டேன். "அவன் மனசு மாறிட்டான்னே வச்சுக்க. அப்புறம்? அவனையே கட்டிக்கிறணுமா?" என்றாள்.