பறியாத மலர்

ஓரறிவுயிரின் மலரைக் கொய்து ஈசனுக்குச் சாத்துதல் கொல்லாமைக்கு இழுக்காமோ எனச் சிலர் வினவுவர். இதனை ஒரு சிறு காட்டுப்பூவின்மேல் வைத்து ஆராய்வாம்.

திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணி வனம், அஃதாவது புளியங்காடு, என்பதன் மரூஉ என்பர். விழுப்புரத்தையடுத்த பனையபுரம் பாடல்பெற்ற புறவார் பனங்காட்டூர். ஆண்டுத் தலமரம் பனை. இங்ஙனம் பெருமரங்கள் ஊர்க்கும் கோயிற்கும் பெயர் தந்தன. மரநிழலில் வாழும் சிறு பூண்டுகளை நினைப்பார் அரியர். யானைச்சுவடி அத்தகையது. சூரியகாந்திக் குடும்பத்ததாகிய இது பல்லாண்டு வாழ்வது. இலைகள் யானையடி பதிந்தாற்போல் நிலத்தோடு படிந்து கிடத்தலின் இப்பெயர் பெற்றது. 1678 முதல் 1693 வரை வெளிவந்த ஹார்த்துஸ் மலபாரிக்கஸ் என்னும் இலத்தீன் நூலில் இப்பெயராலேயே இஃது இடம்பெற்றுளது. 1753-இல் லின்னேயஸ் ஆண்ட பெயரும் யானையடி என்றே பொருள்படும். ஒரு பூவெனத் தோன்றுவது பல நுண்பூக்களின் கூட்டம். அதனை மூன்று பச்சிலைகள் கீழ்நின்று தாங்கும்.

புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்னும் அட்டபுட்பத்துள் இஃது இல்லை. அகப்பூ எட்டனுள்ளோ கொல்லாமையே முதலாவது. கொல்லாமையை மலராக எண்ணிய சான்றோர் புறமலரை விலக்கிற்றிலர். என்னை? பூக்கொய்தலால் உயிர் உடம்பை விட்டு நீங்குவதின்று. யானைச்சுவடியின் பூந்தண்டு கொய்யப்படினும் வேர் நின்று மீண்டும் பூக்கும். மருந்தின்பொருட்டு வேரோடு அகழ்தலே அதன் வாழ்நாளை முடிப்பது. ஆகலின் கொய்தலும் அகழ்தலும் ஒன்றல்ல.

அற்றேல், பூவெல்லாம் கொய்யின் வித்து யாங்ஙனம் உண்டாம்? வித்தின்றேல் அவ்வினம் அக்காட்டில் அற்றொழியுமன்றோ எனின், இத்தடை தக்கதே. தாவர உடம்பும் வினைக்கீடாக இறைவன் ஓருயிர்க்கு அளித்த தனுவேயாம். பிறிதோருயிர்க்கு அவன் ஈந்ததனை முற்றும் பறித்து அவனுக்கே படைத்தல் வழிபாடாகாது. அவனதல்லாத பொருள் ஒன்றும் இன்மையின், நாம் கொடுப்பது அன்பு ஒன்றே. திருநின்றவூர்ப் பூசலார் மனத்தே எடுத்த கோயிலை இறைவன் உவந்தேற்றான். காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளியின் நாளையும் அதன்பொருட்டு மாற்றுவித்தான். கல்லின்றியும் கோயிலாமெனில், கொய்யாமலும் மலர் வழிபாடாதல் சொல்ல வேண்டுமோ?

இதனால் புறப்பூசை வேண்டா என்பது கருத்தன்று. நாள்தோறும் மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்திய முருக நாயனாரும் அறுபத்துமூவருள் ஒருவரே. நந்தவனத்தில் நாம் நீர்வார்த்து வளர்த்த செடியின் மலர் கொய்தற்குரியது. அச்செடிக்கு நம் தொண்டு ஈடாய் நிற்கின்றது. நம் உழைப்பு ஒன்றுமின்றிக் காட்டில் அருகி வளரும் பூவையோ, நின்றவிடத்தே கண்டு, சிவார்ப்பணம் என உள்ளி, விட்டுச் செல்லுதலே முறை. அங்ஙனம் விடுவார் சாத்திய மலர் கொல்லாமை என்க.