அந்த ஒரு கட்டம் யாருடையது?

எங்கள் இல்லங்கள் பலவற்றில் உணவு மேசைக்கு மேலே ஒரு படம் தொங்குவதைக் காணலாம். ஆண்டவர் நடுவில் அமர்ந்திருக்க, அப்போஸ்தலர் பன்னிருவரும் அவரின் இருபுறமும் கூடியிருக்கும் இறுதி இராவுணவுப் படம் அது. கலண்டரிலிருந்து வெட்டிச் சட்டமிட்டதாயிருக்கலாம். திருமணப் பரிசாக வந்ததாயிருக்கலாம். அதன் மூலச் சித்திரம் இத்தாலியில், மிலான் நகரில், தொமினிக்கன் துறவிகளின் மடத்து உணவறைச் சுவரிலே இருக்கின்றது. லியனார்டோ டா வின்சி அதனை ஏறத்தாழ 1495 முதல் 1498 வரையுள்ள காலத்தில் தீட்டினார். அகலம் சுமார் 880 சென்ரிமீற்றர். உயரம் சுமார் 460 சென்ரிமீற்றர்.

பிள்ளைகளுக்குக் கூட்டு வேலை பழக்கும்போது ஆசிரியனுக்கும் பெற்றோருக்கும் எழுகின்ற ஒரு கேள்வியை இந்தப் படத்தைக் கொண்டே நான் சிந்திக்க நேர்ந்தது. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை.

பல வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் சித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் 32 பேர். தனித்தனியே கீறிப் புள்ளி வாங்கிப் பழகிய பிள்ளைகள், எல்லாருமாகச் சேர்ந்து ஒரே படத்தை ஆக்க வேண்டும் என்று விரும்பினேன். இந்தச் சித்திரத்தின் அகலத்தை எட்டாகவும் உயரத்தை நாலாகவும் பிரித்தால், கிட்டத்தட்டச் சதுரமான 32 கட்டங்கள் வரும். ஆளுக்கொரு கட்டம். படப் பிரதியொன்றில் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொருவருக்கும் ஓரடி அளவான தாள் கொடுத்து, பின்புறத்தில் இலக்கமிட்டேன்.

வேலை தொடங்கியதும் பிள்ளைகள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். மேசை விளிம்பு படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை ஓடுகின்றது. என் தாளில் கோடு முடிகிற இடத்திலேயே பக்கத்துப் பிள்ளையின் தாளில் அது தொடங்காவிட்டால் மேசை உடைந்துவிடும். ஆகவே அடிமட்டத்தோடு அயலவனிடம் போயே ஆகவேண்டும். மேசை விரிப்பின் வெள்ளையை எல்லாருக்கும் ஒரே கிண்ணத்தில் கலக்கவேண்டும். ஆண்டவரின் திருமுகம் கிடைத்த பிள்ளை பெருமைப்பட்டது. வெறும் கூரை மரங்கள் கிடைத்த பிள்ளை முகம் சுளித்தது. அந்தக் கூரைக் கோடுகளையெல்லாம் நீட்டிப் பார்த்தால் ஆண்டவரின் நெற்றிப் பொட்டிலே போய்ச் சேரும் என்று காட்டினேன். மூலச் சித்திரத்தில் அந்த இடத்தில் ஓர் ஆணித்துளை உண்டு. லியனார்டோ கோடுகளுக்கு நூல் பிடித்த இடம் அது. ‘நீ கீறுகிற மரந்தான் மற்றவர்களின் கண்ணை அந்த முகத்துக்குக் கூட்டிப் போகிறது’ என்றேன். பிள்ளை சமாதானமாயிற்று.

இவ்வளவையும் சொல்லிக்கொடுத்த நானே பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள் இரவு வழுவினேன். தாள்களை ஒட்டிப் பார்த்தபோது ஒரு பையனின் கட்டத்தில் கோடு சரிந்திருந்தது; வர்ணம் வழிந்திருந்தது. மேசையின் ஒரு மூலை, ஒரு கை, ஒரு துண்டு அப்பம். அவ்வளவுதான் அவன் பங்கு. அதைக் கழற்றிவிட்டு, புதுத் தாள் எடுத்து, நானே அரை மணித்தியாலத்தில் கீறி ஒட்டிவிட்டேன். கீழே 32 பெயர்களும் எழுதப்பட்டிருந்தன.

மறுநாள் எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்தப் பையனின் தாய் உறவினரை அழைத்துவந்து, விரலால் தொட்டு, ‘இதுதான் என்ர மகன் கீறினது’ என்று காட்டினார். பையன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: ‘அது நான் கீறினதில்லை, சேர்.’

நான் செய்தது பிழையா? என் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவனுடைய கவனக்குறைவால் 31 பேரின் உழைப்புக் கெடலாமா? மேலும், பழைய ஓவியப் பட்டறைகளில் குருவும் சீடரும் ஒரே படத்தில் கைவைத்தது வழக்கந்தானே? புளோரன்ஸ் நகரில் வெரோக்கியோவின் பட்டறையில் உருவான ‘கிறிஸ்துவின் திருமுழுக்கு’ என்ற படத்தில் ஒரு சம்மனசை வரைந்தவர் இளைஞராயிருந்த இதே லியனார்டோ அன்றோ?

உண்மை. ஆனால் அந்தப் பட்டறை, பணம் கொடுத்தவருக்குப் படம் செய்துகொடுக்கவேண்டிய இடம். அங்கே படமே நோக்கம். யாருடைய கை எங்கே பட்டது என்பது பட்டறையில் எல்லாரும் அறிந்த சங்கதி. வகுப்பறையிலோ பிள்ளைதான் நோக்கம். படம் அதற்கு வழி. நான் வழியைக் காப்பாற்றுவதற்காக நோக்கத்தைக் கைவிட்டேன். அதையும் ஒளித்துச் செய்தேன். ஒரு தாயின் விரல் தன் மகனுடையதல்லாத ஒன்றைத் தொட்டுப் பெருமைப்படும்படி செய்தேன்.

இதற்கான விடை அந்தப் படத்திலேயே இருந்தது. லியனார்டோவுக்கு முன்பு புளோரன்ஸ் நகரில் கஸ்தாஞ்ஞோ, கிர்லாந்தாயோ போன்றோர் இதே காட்சியைத் தீட்டியபோது, யூதாசை மேசையின் மறுபுறத்தில் தனியே இருத்தினார்கள். லியனார்டோ அப்படிச் செய்யவில்லை. அப்போஸ்தலரை மும்மூவராக நான்கு குழுக்களாக்கி, யூதாசையும் இராயப்பர், அருளப்பர் ஆகியோரோடு ஒரே குழுவில் சேர்த்தார். கையில் பணப்பையோடு அவன் எல்லாருடனுமே இருக்கிறான். அதனால் படத்தின் மாண்பு குறைந்துவிடவில்லை. ஒரு சிறுவனை யூதாசோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணவேண்டாம். காட்டிக்கொடுக்கப் போகிறவனையே மேசையிலிருந்து பிரித்து வைக்காத படத்தைப் பார்த்துக் கீறிய நான், சரிந்த ஒரு கோட்டுக்காக ஒரு பிள்ளையை 32 பேரின் மேசையிலிருந்து எழுப்பிவிட்டேன் என்பதே என் வெட்கம்.

இன்னுமொன்று. அந்த மூலச் சித்திரமும் குறையில்லாததன்று. உலர்ந்த சுவரில் தீட்டப்பட்டதால் சில பத்தாண்டுகளிலேயே வர்ணம் உரியத் தொடங்கியது. 1652இல் அந்தச் சுவரில் ஒரு வாசலை வெட்டியபோது ஆண்டவரின் பாதங்கள் அழிந்தன. அவை எப்படி இருந்தன என்பதைப் பழைய பிரதிகளால்தான் அறிகிறோம். 1943இல் குண்டுவீச்சில் உணவறையின் கூரை விழுந்தது. மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தபடியால் சித்திரச் சுவர் தப்பியது. 20 வருடங்களுக்கு மேலாக நடந்த திருத்த வேலை 1999இல் முடிவுற்றது. வர்ணம் முற்றாக அழிந்த இடங்களில் திருத்தியவர்கள் என்ன செய்தார்கள்? தம் கைவேலையை லியனார்டோவின் கைவேலைபோலக் காட்டவில்லை. மங்கலான நீர்வர்ணம் மட்டும் பூசி, இது அவருடையதன்று என்பது தெரியும்படி விட்டார்கள். ஒரு மேதையின் சுவருக்குக் கிடைத்த அந்த மரியாதை ஒரு சிறுவனின் தாளுக்கும் உரியதல்லவா?

அப்படியானால் கோணலை அப்படியே விட்டிருக்க வேண்டுமா? இல்லை. ‘எப்படியாவது இருக்கட்டும்’ என்று விடுவதும் அன்பாகாது. நான் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். புதுத் தாள் கொடுத்துப் பக்கத்தில் இருந்திருக்கலாம். தூரிகையை மட்டும் அவன் கையிலேயே விட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் கோடு சரிந்தால், இருபுறத்துப் பிள்ளைகளிடமும் ‘உங்கள் கோட்டைக் கொஞ்சம் வளைத்து அவனுடையதைச் சந்திப்பீர்களா?’ என்று கேட்டிருக்கலாம். அயலவன் என்னளவுக்கு வரட்டும் என்று காத்திராமல், நானும் அவனிடம் சற்றுச் சரிந்து போவதுதான் கூட்டு வேலை. மேசை கொஞ்சம் நெளிந்திருக்கும், உடைந்திருக்காது.

விழா முடிந்தபின் அவனுடைய தாளைத் தேடினேன். அது முதல்நாள் இரவே குப்பையோடு போய்விட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பெற்றோரே, இது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. போட்டிக்குப் போகும் சித்திரத்தை இரவில் அண்ணன் கீறுவதும், பேச்சை அப்பா எழுதுவதும், கைவேலையை அம்மா முடித்துக் கொடுப்பதும் எம் வீடுகளில் நடப்பவையே. பரிசு வரலாம். ஆனால், ‘உன்னுடையது போதாது’ என்று நாம் வாயால் சொல்லாததைப் பிள்ளை அந்தப் பரிசிலிருந்து கேட்டுக்கொள்ளும்.

இன்றிரவு அந்தப் படத்தின் கீழ் உணவருந்த அமரும்போது ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அந்த மேசையில் ஒருவரும் மற்றவரைப் போலில்லை. ஆயினும் ஓரிடமும் வெறுமையாயில்லை.